கல்யாணப் பத்திரிகை கொடுத்த பதினோரு வீடுகள்

பாப்பா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு மூடப் போவதில்லை. மூடினால் யாரோ ஒருவன் அதைப் பிரிக்க வேண்டும், படிக்க வேண்டும், பிரித்தது தெரியாமல் மறுபடியும் மூட வேண்டும். அதற்குக்கூடக் கொஞ்சம் கைத்திறமை தேவை. அவர்களிடம் அது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனாலும் உங்கள் அலுவலகச் சுவரில் மாட்டி வை. எட்டிப் பார்த்தே பிழைப்பவர்களும் படித்துவிட்டுப் போகட்டும். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீ கோலாலம்பூரில் வழக்கறிஞர்களோடு உட்கார்ந்திருக்கிறாய், வெள்ளிக்கிழமைதான் வருவாய். அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் என் பக்க நியாயத்தைப் பேசத் தொடங்கிவிடுவேன். காகிதத்தில் என்றால் அந்த வரிகளை உன் அம்மா அடித்துவிடுவாள். ஏற்கெனவே மூன்று இடத்தில் அடித்திருக்கிறாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சாட்சிகளின் விலாசங்கள் எப்படி வெளியே போயின என்று மூன்று வாரமாகத் தேடுகிறீர்கள். உன்னோடு வேலை செய்யும் ஃபரிதாதான் என்று உங்களுக்குள் முடிவு கட்டி, அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள். அது ஃபரிதா இல்லை. நான்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. குறை கண்டுபிடிப்பதுதான் நம் வீட்டுக்குச் சோறு போட்டது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். நீ நல்ல வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜ் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நாலு பேரோடு உட்கார்ந்துகொண்டு, லாக்கப்பில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக அலைய ஆரம்பித்தபோது, நான் அதில் குறையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. "செத்தவன் எழுந்து வரப்போறானாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தக் கேள்விக்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் வேலை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வேவு பார்ப்பவர்களும் வந்துவிட்டார்கள். எந்த இலாகா என்று எழுதப் போவதில்லை. அவர்களே சொல்லிக்கொள்ள வெட்கப்படும்போது நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்? நம் ஃபிளாட்டுக்குக் கீழே இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து உட்காருவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் அடையாளம் தெரிந்துவிடுமாம். மத்தியான வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் தெரியாமல் நிற்பதாக அவர்களுக்கு நினைப்பு. மூன்றாவது மாடிக் கிழவர்கூட அவர்களிடம் போய், "பார்க்கிங் பிடிக்கவா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார். பாடாங் கோத்தா திடலில் நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நின்றபோது ஒருவன் ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவின் அழுகையை ஒரு சாண் தூரத்தில் நின்று படம் பிடித்தான். அவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், இன்றைக்கு என்ன வேலை செய்தேன் என்று அவளிடம் சொல்லியிருப்பானா? வேறொரு நாள் வீட்டுக்கு போன் வந்தது. "உங்க மகள ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் நடுங்கிப் போனேன். உன் அம்மா அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தாள். "யாருலா நீ? பேரச் சொல்லு. ஊரு பொண்ணுங்களுக்கு போன் அடிச்சி பயமுறுத்துறதுக்கா ஒனக்குச் சம்பளம்?" என்று கேட்டாள். அவன் வைக்க வைக்க இவள் அடித்தாள். நாலாவது தடவை போனையே அணைத்துவிட்டான்.

அந்தத் தைரியம் எனக்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்த இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, சோபாவில் உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லி, "பிள்ளையக் கொஞ்சம் கவனிச்சிக்குங்க" என்றார்கள். மிரட்டலைக்கூட நேராகச் சொல்லத் தெரியாத கோழைகள். அவர்களிடம் நான், "சின்னப் பிள்ள சார், தெரியாமச் செய்யுது, நான் சொல்லி வைக்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். உனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எது தெரியாமல் செய்தாய்? சமையலறையில் அம்மா சட்டியைப் போட்டு உடைப்பதுபோல் வைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். வந்த வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இதையும் நான் உன்னிடம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் குமார் வந்தான். கோயிலில் அன்னதானத்துக்கு வரிசை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தான். தட்டை எடுத்துக் கொடுப்பான், செருப்பை எடுத்து வைப்பான், வாய் நிறைய "அங்கிள்" என்பான். இன்சூரன்ஸ் வேலை என்றான். எட்டு மாதம், நீ வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, நம் வீட்டுக்கு வந்து போனான் பாப்பா. பினாங்கில் ஓர் இன்சூரன்ஸ் ஆள் எட்டு மாதம் ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டு, ஒரு பாலிசி எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? கம்பியில் கீறல் கண்டுபிடித்தவனுக்கு இது தெரியவில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்தது. "அந்தப் பையன் காபியப் பாக்கவே மாட்றான், வீட்டத்தான் பாக்குறான்" என்றாள். நான் அவளைச் சத்தம் போட்டேன். உன்னைப் பற்றி அவன் அதிகம் கேட்டதுகூட இல்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை, நானே சொன்னேன். கல்யாணம் நிச்சயமான பிறகு எந்த அப்பன் மகளைப் பற்றிப் பேசாமல் இருப்பான்? இன்று ஈப்போ போயிருக்கிறாள், நாளை வழக்கறிஞரைப் பார்க்கிறாள் என்று ஒன்றுவிடாமல் பெருமையாகச் சொன்னேன். உன் முகத்துக்கு நேரே ஒருநாளும் பாராட்டியதில்லை. அத்தனை பாராட்டையும் உன்னை வேவு பார்க்க வந்தவனிடம்தான் கொட்டியிருக்கிறேன்.

பிறகு பத்திரிகை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நீ சொன்னாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நடந்து போய், தட்டில் குங்குமமும் கற்கண்டும் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்காத பத்திரிகை ஒரு பத்திரிகையா? உன் தாத்தா எனக்குச் செய்தது, நான் உனக்குச் செய்ய வேண்டியது. "உன் ஆளுங்க வீட்டுக்கும் நானே போய்க் குடுக்கிறேன்" என்றேன். அப்போது உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இத்தனை வருடம் உன் வேலையைக் குறை சொன்னவன், நீ யாருக்காக அலைகிறாயோ அவர்கள் வாசலில் போய் நிற்கிறேன் என்கிறான். நீ நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பதினோரு விலாசங்களை உன் கையால் எழுதிக் கொடுத்தாய். "அப்பா, இத போன்ல ஏத்தாதீங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க. ஃபரிதாவுக்கு மட்டும் நானே போய்க் குடுக்கிறேன்" என்றாய். நீ என்னை நம்பினாய். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத முயன்றேன், அம்மா அடித்துவிட்டாள். அவள் செய்தது சரிதான்.

நீ சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். போனில் ஏற்றவில்லை. அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை. வாசித்துத்தான் காட்டினேன். கண் புரை அறுவைக்குப் பிறகு இன்னும் ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவால் படியேற முடியாது, முட்டிவலி. "அங்கிள், இந்த வயசுல பஸ்ஸுல ஏறி எறங்காதீங்கலா. ஞாயித்துக்கெழம நான் சும்மாதான் இருக்கேன், கெரெத்தாவுல கொண்டு போறேன்" என்றான் குமார். மூன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, தொழிற்சாலையில் கொடுத்த பழைய பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு விலாசமாக உரக்க வாசித்தேன். அவன் காரை ஓட்டினான். ஒரு வீட்டிலும் இறங்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க அங்கிள், குடும்ப விஷயம்" என்றான். எவ்வளவு மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்தேன்.

கடைசி வீடு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாம். அந்த வீட்டில் இருந்தவரை தேவா என்று எழுதுகிறேன், உண்மைப் பெயர் இல்லை. நீங்கள் யாருக்காக வழக்கு நடத்துகிறீர்களோ அந்தப் பையன் லாக்கப்பில் இறந்த அன்று பக்கத்து அறையில் இருந்தவர் அவர். என்ன சத்தம் கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டது என்று மரண விசாரணையில் சொல்வதற்கு இருந்த ஒரே ஆள். அதற்காகத்தான் தன் வீட்டை விட்டு அக்கா வீட்டுக்கு வந்து ஒதுங்கி, தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு அவர் பட்டியலில் பதினோராவது பெயர், அவ்வளவுதான். பத்திரிகையைத் தட்டோடு வாங்கிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கள எல்லாம் ஒரு ஆளா மதிச்சி நேர்ல வந்து கூப்புட்டது நீங்கதான் அங்கிள்" என்றார்.

பத்து நாள் கழித்து என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பதினோரு வீட்டிலும் ஆள் வந்து விசாரித்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளையின் பள்ளிப் பெயரைச் சொல்லி நலம் கேட்டிருக்கிறார்கள். தேவாவின் முதலாளியைக் கூப்பிட்டு, "இந்த மாதிரி ஆள வேலைக்கு வெச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவருக்கு பஸ் இல்லை. அன்று சாயங்காலமே சாட்சி சொல்ல வரவில்லை என்று உனக்குச் செய்தி அனுப்பிவிட்டார். நீ வீட்டுக்கு வந்து, தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அப்பா, வெளியாள் இல்ல. எங்களுக்குள்ளயே யாரோ. அந்த லிஸ்ட் முழுசும் தெரிஞ்சது எனக்கும் ஃபரிதாவுக்கும்தான்" என்றாய். அப்பா என்பதால் நீ கணக்கிலேயே சேர்க்காத, லிஸ்ட் தெரிந்த மூன்றாவது ஆள் உன் எதிரில் உட்கார்ந்து சட்னி கேட்டான். சத்தியமாக அப்போது குமார் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால், 'நானும் அந்தத் தாளை வைத்திருந்தேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்மேல் தப்பு இருக்காது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அவர்கள் அலுவலகத்துக்கு உன்னை வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்ட அன்று நானும் கூட வந்தேன், ஞாபகம் இருக்கும். நீ உள்ளே போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண் நன்றாகத் தெளிந்திருந்தது. உள்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, கையில் காபிக் குவளையோடு குமார் வந்தான். எட்டு மாதப் பழக்கம், அவன் மூளைக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. "அங்கிள்!" என்றான். உடனே முகம் வெளுத்து, வந்த வழியே திரும்பிப் போனான். காபி தரையில் கொட்டியது. இவ்வளவுதான் பாப்பா அவர்களுடைய சாமர்த்தியம். தட்டெடுத்துக் கொடுத்து, ஒரு கிழவனுக்குக் கார் ஓட்டி, கல்யாணப் பத்திரிகையின் பின்னால் ஒளிந்துகொண்டு போய்ப் பதினோரு ஏழைகளின் வாசலை அடையாளம் பிடிப்பது. இதற்கு ஒரு அலுவலகம், ஒரு அட்டை, ஒரு பதவி. அவனுக்கு மேலே ஒருவன் உட்கார்ந்து இதை வாங்கிப் படித்துவிட்டு நல்ல வேலை என்று தட்டிக்கொடுத்திருப்பான். அவர்களைவிடக் கேவலம் ஒரே ஆள்தான், அவனைத் தம்பி என்று கூப்பிட்ட நான்.

மூன்றாவது நாள் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "பஸ்ஸுல போயிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். அதனால் பஸ்ஸிலேயே போனேன். நீ கோலாலம்பூர் புறப்பட்ட மறுநாளிலிருந்து, அந்தப் பதினோரு வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய், வாசலில் நின்று, நான்தான் அவர்களைக் கூட்டி வந்தேன் என்று சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா என்னை உட்காரவைத்து அழுதாள். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. வாங்கிக்கொண்டேன்.

பாகான் டாலாமுக்கு பெர்ரியில் போனேன். நான் சொல்லச் சொல்ல, தேவா வாசலில் பாதி கதவைத் திறந்தபடி நின்று கேட்டார். பிறகு, "வெள்ளக் கெரெத்தாவுல உக்காந்திருந்தவன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "நீங்க உள்ள அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தப்ப, பாவம் வெயில்ல உக்காந்திருக்கானேன்னு நான்தான் அங்கிள் பின்வாசலால போயி அவனுக்கு சீராப் தண்ணி கலக்கிக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சான். நல்லாருக்குண்ணேன்னு சொன்னான்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. வேலை போனதைப் பற்றிப் பேசும்போதுகூட இல்லை. சாட்சி சொல்ல வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. புறப்படும்போது அவரே, "அவன் பேரு, கார் நம்பரு ஏதாச்சும் தெரியுமா?" என்றார்.

தெரியும். தொழிற்சாலைப் பழக்கம் எதையும் எழுதி வைக்கச் சொல்லும். எந்த ஞாயிறு, எந்த வீடு, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தோம், கூட வந்தது யார், வண்டி எண் என்ன, எல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. பத்திரிகை கொடுத்ததில் யாரும் விட்டுப்போகக் கூடாது என்று எழுதியது. என்னை வேவு பார்க்க வந்த புத்திசாலிக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எழுதுகிறானே என்று ஒருநாளும் தோன்றவில்லை. அதை வைத்துச் சத்தியப் பிரமாணம் செய்து, உங்கள் வழக்கறிஞருக்கு நேற்று அனுப்பிவிட்டேன். விசாரணையில் கூப்பிட்டால் கூண்டில் ஏறிச் சொல்வேன். முன்பு கையைக் கட்டிக்கொண்டு சொன்னதுபோல் இல்லை.

இன்னொன்றும் செய்தேன். நேற்று முன்தினம் காலை பத்து மணிக்கு, கவுண்டரில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்த அலுவலகத்துக்குத் தட்டோடு போனேன். குங்குமம், கற்கண்டு, உன் பத்திரிகை. குமாரைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படி யாரும் இல்லை என்றாள் முன்னால் இருந்த பெண். "இருக்கார்மா. மூனு வாரம் எனக்குக் கெரெத்தா ஓட்டி ஊர் பூரா பத்திரிகை குடுக்க வெச்சாரு. அவருக்கு மட்டும் குடுக்கல. நம்ப பழக்கம், நேர்லதான் குடுக்கணும்" என்றேன், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. யாரும் வெளியே வரவில்லை. உள்பக்கக் கதவுக்குப் பின்னால் நிழல் மட்டும் நின்றது. வாங்க வேண்டியவனுக்கு வெளியே வர முகம் இல்லை. பத்திரிகையைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு வந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அவன் முகத்தை எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஃபரிதா. இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை நேற்றுச் சாயங்காலம் கெலுகோரில் அவள் வீட்டில் கொடுத்தேன். நீ படிப்பது இரண்டாவது பிரதி, இங்கிருந்து வரும் பகுதி இன்று சேர்த்தது. அவள் பெயரை எழுதலாமா என்று கேட்டேன், தாராளமாக எழுதுங்கள் என்றாள். முழுவதும் படித்தாள். என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு மலாயில் ஒன்றே ஒன்று சொன்னாள். "அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை அங்கிள். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்."

நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதுதான், வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. விலாசம் கொடுத்தது நான். ஆனால் ஐந்து வருடம் உன்னோடு பிணவறை வாசல்களில் நின்றவளை, ஒரு கேள்விகூடக் கேட்காமல் நீக்கியது நீ. ஹெல்மெட் போட்டவனாலும் குமாராலும் செய்ய முடியாத வேலையை, அவர்களுக்காக நாம் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்து கொடுத்திருக்கிறோம். அவர்களை இகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

புறப்படும்போது என் பையில் ஒரு பத்திரிகை இருந்தது. அவளிடம் கொடுக்கலாம் என்று எடுத்துவிட்டேன். அவளும் பார்த்தாள். பிறகு உள்ளேயே வைத்துவிட்டேன். அவளுக்கு நானே கொடுக்கிறேன் என்று சொன்னது நீ. வெள்ளிக்கிழமை வந்ததும் வீட்டுக்குக்கூட வர வேண்டாம், என்னைப் பற்றி என்ன முடிவு செய்வது என்றும் யோசிக்க வேண்டாம், அது அப்புறம் ஆகட்டும். தட்டை அம்மா பஸ் நிலையத்துக்கே கொண்டு வருவாள். ஃபரிதாவுக்குக் குங்குமம் வேண்டாம், கற்கண்டு மட்டும் வைத்திருக்கிறாள். போனில் சொல்லிவிடலாம் என்று நினைக்காதே. அவள் வீடு ஏழாவது மாடி, லிஃப்ட் கெட்டுப்போய்க் கிடக்கிறது. இந்த வயதில் நான் ஏறிவிட்டேன். நீயும் ஏறு.

அப்பா